ஒளிச் சோதனை

காலிப் பெட்டி இருகூரிலிருந்து வந்தது
காலை ஏழேகாலுக்கு.
நாற்பதடி. துருச்சிவப்பு.
யார் பெயரோ எழுதி, அதை அழித்து
வேறு யார் பெயரோ எழுதிய உடம்பு.
உள்ளே முந்திரித்தோட்டின் நெடி,
அதற்கடியில் ஏதோ ஈரமரம்.
தரையில் சாக்பீஸ் கணக்கு:
நாலு கோடு, குறுக்கே ஒன்று,
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
எந்தத் துறைமுகத்தில் எதை எண்ணினார்களோ.
கடைசிக் கட்டில் மூன்றுதான் இருந்தது.

பெருக்கிவிட்டு நான் உள்ளே நிற்பேன்.
டிரைவர் மிக்கேல் வெளியிலிருந்து கதவைச் சாத்துவார்.
பெருமாநல்லூர் ரோட்டு ஹாரன்களெல்லாம்
கிணற்றுக்குள் விழுந்த மாதிரி ஆகிவிடும்.
இருட்டில் நிற்பதும் என் வேலைதான்.
வெளிச்சம் ஒழுகினால் மழை ஒழுகும்.
மழை ஒழுகினால் பூஞ்சை.
பூஞ்சை பிடித்தால் அடுத்த ஆர்டர் இல்லை.
சேர்ந்த அன்றைக்கு இவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆவணியில் நாங்கள் மார்கழியை ஏற்றுவோம்.
பனிமான் போட்ட குழந்தைச் சட்டை,
ஆயிரத்துத் தொண்ணூறு அட்டைப்பெட்டி,
அங்கே பனி விழுவதற்குள் போய்ச் சேரவேண்டும்.

அன்றைக்கு இருந்தது.
இடப்பக்கத் தகரத்தில், தோள் உயரத்தில்,
ஓவர்லாக் ஊசி நுழையும் அளவுக்கு.
எதிர்ச்சுவரின் நெளிவுகள்மேல்
தலைகீழாக எங்கள் முற்றம்:
தென்னையின் தூர் மேலே, ஓலை கீழே,
மேலிருந்து தொங்கும் லாரி,
அதன் பக்கத்தில் மிக்கேலும் தொங்கிக்கொண்டு
டீ குடித்தார்,
ஒரு சொட்டுச் சிந்தாமல்.
கதவைத் தட்ட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

போனில் ராக்கியப்பன்.
"பெட்டிய மாத்தோணுமுங்."
"மாத்துனா?"
"வேற வரதுக்குச் சாயங்காலம் ஆயிருமுங். ஏத்தி முடிக்க விடிஞ்சிரும்."
"நாளைக்கு மத்தியானம் தூத்துக்குடில கேட்டச் சாத்திருவான். சின்னக் கப்பலு போயிருச்சுன்னா, கொழும்புல தாய்க்கப்பலு நமக்கோசரம் நிக்குமாக்கும்?"
"நிக்காதுங்."
"அப்பறம்?"

அந்த 'அப்பறம்' நீளமாக இருந்தது.
தாராபுரம், ஒட்டன்சத்திரம், மதுரை,
எட்டயபுரத்துக் கரிசல், பிறகு உப்பளம்.
கேட்டில் முந்நூறு வண்டி நிற்கும் வரிசை.
ஓர் இரவுத் தூரத்தில் கொழும்பு,
நம் கரையின் ஆழம் போதாத கப்பல் ஒன்று
அங்கே மணி பார்த்துக்கொண்டு நிற்கிறது.
இந்தப் பக்கம் நூல்மில் பாக்கி.
சனிக்கிழமை சம்பளத்துக்கு நானூறு தையல்மிஷின்.

சிலிக்கான் பசையைப் பிதுக்கிக்
கட்டைவிரலால் அழுத்தினேன்.
முற்றம் அணைந்தது.
தாளில் 'துளை' என்று இருந்த இடத்துக்கு எதிரே
'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
எழுதும்போது அது பொய்யும் இல்லை.

மிக்கேல் கிளம்பினார்.
ஒன்பது நாள் கொழும்பில் மழையா என்று பார்த்தேன்.
அப்புறம் ஏடனில் பார்த்தேன்.
அப்புறம் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.
ஐப்பசியில் பையர் மெயில் வந்தது:
மூன்று பெட்டியில் பார்கோடு மாறிவிட்டதாம்.
ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"பாத்தீங்ளா" என்றார் ராக்கியப்பன்.
பார்த்தேனுங்.

நாலு எழுத்து, ஏழு எண்.
பெட்டியின் நம்பர் இன்னும் மனப்பாடம்.
ராத்திரி ஷிப்டில் போனில் தட்டிப் பார்ப்பேன்:
ஆன்ட்வெர்ப், காலி.
சந்தோஸ், காப்பியாக இருக்கலாம்.
பூசான். மொம்பாசா.
நேற்றிலிருந்து மொம்பாசாவில் காலி என்றே காட்டுகிறது.

யாரோ பெருக்கியிருப்பார்.
வெளியிலிருந்து யாரோ கதவைச் சாத்தியிருப்பார்.
இடப்பக்கம், தோள் உயரத்தில்,
என் ரேகை காய்ந்திருக்கும் இடத்துக்கு நேரே
நின்றுகொண்டிருப்பார் அவர்,
கண் பழகட்டும் என்று.